சொந்த மெயில் சர்வர்: டர்பன் பக்கத்துக் கோயில் சபைகளும் தமிழ்ச் சங்கங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பக்கத்துச் சபைகளிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் கணினி வேலை யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவர்களுக்கான பக்கம் இது. ஐம்பது அஞ்சல் பெட்டிகளுக்குள் அடங்கும் அமைப்பையும், லினக்ஸில் கட்டளை தட்டத் தயங்காத ஒருவரையும் மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்கள் சபைக்குச் சொந்த மெயில் சர்வர் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சொந்த டொமைன். செயலாளர் தம் சொந்த ஜிமெயிலில் சபை வேலையைப் பார்க்கிறார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆள் மாறியதும் மண்டப முன்பதிவு, மாநகராட்சிக் கடிதங்கள், நன்கொடை விவரங்கள் எல்லாம் அவரோடு போய்விடுகின்றன. நம் அமைப்புகளைப் பிடித்திருக்கும் நோய் இதுதான். செயலாளர், பொருளாளர் என்று பதவிக்கு ஒரு முகவரி இருந்தால் இது தீரும். அந்த முகவரியை மாதக் கட்டணத்துக்கு வேறொரு நிறுவனம் நடத்தித் தந்தாலும் தீரும்.

பெட்டிகள் நிறைய, தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் கட்டுப்படியாகவில்லை, அல்லது ஆவணங்கள் தங்கள் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சபை உறுதியாக நினைக்கிறது என்றால் சொந்த சர்வரை யோசிக்கலாம். ஆனால் அதைக் கவனிக்கக் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் சர்வரும் சேர்ந்து விரதம் இருக்க முடியாது.

கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது. அதில் வைக்கலாமா?

இதைக் கேட்கும் எல்லோரும் முதலில் லோட் ஷெடிங்கைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் மின்வெட்டு அவ்வளவு பெரிய தடை இல்லை. உங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்பிய சர்வர் அஞ்சலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அஞ்சல் நிரல்கள் ஐந்து நாட்கள் வரை முயன்றுவிட்டுத்தான் அனுப்பியவருக்கே திருப்பும். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாததால் அஞ்சல் தொலைவதில்லை, தாமதமாகும், அவ்வளவுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் போல நாட்கணக்கில் எல்லாம் நின்றுபோகும் நிலைமை வேறு.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு இணைப்புகளின் ஐ.பி. எண்கள் பலவற்றை ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு 'இங்கிருந்து நேரடியாக அஞ்சல் வரக் கூடாதவை' என்று ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் கடிதங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் சர்வர்கள் ஏராளம். வீட்டு இணைப்பின் எண் அடிக்கடி மாறவும் கூடும். அந்த எண்ணுக்கு எதிர்ப்பெயர்ப் பதிவு (எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவு) போட்டுத் தரவும் இணைய நிறுவனங்கள் பொதுவாக முன்வருவதில்லை. அஞ்சலைப் பெறுவது அலுவலகத்திலும் அனுப்புவது வேறொரு நிறுவனத்தின் வழியாகவும் என்று பிரித்துக்கொண்டால் இது நடக்கும். ஆனால் அப்போது இரட்டை வேலை.

அப்படியானால் வாடகை சர்வரை எங்கே எடுப்பது?

மைக்ரோசாஃப்ட் 2019இல் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020இல் கேப் டவுனிலும், கூகுள் 2024இல் ஜோகன்னஸ்பர்க்கிலும் தரவு மையங்களைத் திறந்தன. உள்நாட்டிலேயே இருக்கிறதே என்று உடனே பணம் கட்டிவிடாதீர்கள். சர்வருக்குச் சர்வர் அஞ்சல் போகும் போர்ட் 25ஐ இந்தப் பெரிய நிறுவனங்கள் வெளிப்பக்கமாக அடைத்து வைத்திருக்கின்றன. கூகுள் பொதுவாகத் திறப்பதில்லை. அமேசானில் விண்ணப்பிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் பெரும்பாலான சாதாரணக் கணக்குகளுக்குக் கிடைக்காது.

எனவே பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: போர்ட் 25 திறந்திருக்குமா, எதிர்ப்பெயர்ப் பதிவை நானே மாற்றலாமா, தரப்போகும் ஐ.பி. எண் எது? அந்த எண்ணைக் கறுப்புப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். முன்பு யாரோ குப்பை அஞ்சல் அனுப்பிக் கெடுத்த எண் உங்களுக்கு வந்து சேர்ந்தால், அவருடைய கெட்ட பெயரைத் துடைப்பதே பல மாத வேலையாகிவிடும். இந்த மூன்று கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் சிறிய உள்ளூர் நிறுவனமே மேல். வெளிநாட்டுச் சர்வரும் சட்டப்படி தவறில்லை; அதைப் பின்னால் பார்ப்போம்.

போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம், சென்ட்மெயில்: எது?

போஸ்ட்ஃபிக்ஸ்.

காரணம் கேட்பவர்களுக்காக: எரிக் ஆல்மன் 1980களில் எழுதிய சென்ட்மெயில்தான் மூத்தது. இணையத்தில் ஒருவரையொருவர் நம்பிய காலத்து நிரல் அது. எல்லா வேலையையும் ஒரே பெரிய நிரல் முழு அதிகாரத்தோடு செய்ததால் ஓட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்து வீட்ஸே வெனிமா ஐ.பி.எம். ஆய்வகத்தில் எழுதி 1998இல் வெளியிட்டது போஸ்ட்ஃபிக்ஸ். வாங்க ஒன்று, வரிசையில் வைக்க ஒன்று, அனுப்ப ஒன்று என்று வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தார். ஒன்று விழுந்தாலும் வீடு முழுவதும் விழாது.

எக்சிம் 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் தொடங்கியது. நினைத்தபடி வளைக்கலாம், பெரிய நிறுவனங்கள் அதை நன்றாகவே ஓட்டுகின்றன. ஆனால் 2019 ஜூனில் வெளியான ஓட்டை ஒன்று, வெளியிலிருந்து ஒருவர் முழு அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் அளவுக்குப் போனது. முழுநேர நிர்வாகி இல்லாத சபைக்கு அந்த வளைவு தேவையில்லை.

பெட்டிகளில் உள்ள அஞ்சலைக் கைப்பேசிக்கும் கணினிக்கும் கொடுக்க டவ்காட் என்ற நிரல். இதில் போட்டி அதிகம் இல்லை.

எல்லாம் சேர்த்துத் தயாராகக் கிடைக்கும் மெயில்கவ், மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்றவை?

நல்லவையே. உள்ளே இருப்பதும் இதே போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும்தான். மெயில்கவ்வுக்கு 6 ஜிபி நினைவகம் கேட்கிறார்கள். கைப்பட அமைத்தால் 2 ஜிபியில் காலம் தள்ளலாம். ரேண்டை எண்ணிச் செலவழிக்கும் சபைக்கு இந்த வித்தியாசம் பெரிது. நிறுவுவது சுலபமாக இருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே ஓட்டுகிற பழக்கமும் வந்துவிடுகிறது. ஒருமுறையாவது கைப்பட அமைத்துப் பார்த்தவர் தயார்த் தொகுப்பை எடுத்துக்கொண்டால் பிழையில்லை.

எந்த லினக்ஸ்?

டெபியன். கவனிக்க வேண்டியது ஒன்று: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் டவ்காட் 2.4 இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பின் இலக்கணம் பழைய 2.3உடன் ஒத்துப்போகாது. நீங்கள் படிக்கும் வழிகாட்டி அதற்கு முந்தையது என்றால், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும் வரிகள் சர்வரைக் கிளம்பவே விடாது. வழிகாட்டியின் தேதியைப் பாருங்கள்.

டொமைன் பதிவுகளில் எதை எதைப் போட வேண்டும்?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். சர்வரை ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம். மற்றவர்கள் உங்களை நம்ப வேண்டுமானால் இந்தப் பதிவுகள் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் சர்வருக்கு ஒரு முழுப்பெயர். அந்தப் பெயர் ஐ.பி. எண்ணைக் காட்ட வேண்டும். டொமைனின் எம்.எக்ஸ். பதிவு, அதாவது அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு, அந்தப் பெயரைக் காட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பெயர், அதாவது பி.டி.ஆர். பதிவு: எண்ணைக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும். இதை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை, ஐ.பி. எண்ணின் சொந்தக்காரரான சர்வர் நிறுவனம்தான் போட்டுத் தரும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் தவறான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எஸ்.பி.எஃப். என்பது 'எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் இவை' என்ற அறிவிப்பு. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கலாம். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அதைச் சரிபார்க்கும்போது டி.என்.எஸ். (டொமைன் பதிவு) தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

டி.கே.ஐ.எம். என்பது கையொப்பம். ஒவ்வொரு அஞ்சலிலும் உங்கள் சர்வர் ரகசியச் சாவியால் முத்திரை வைக்கும். பொதுச் சாவி டொமைன் பதிவில் இருக்கும். 2048 பிட் சாவி வையுங்கள். அது 255 எழுத்துகளைத் தாண்டுவதால் துண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் போட வேண்டியிருக்கும். சில நிறுவனங்களின் பக்கங்கள் தாமே வெட்டிக்கொள்ளும், சில பாதியை விழுங்கிவிடும். போட்ட பிறகு வெளியிலிருந்து கேட்டு முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.

டிமார்க், மேலே சொன்ன இரண்டும் தவறினால் என்ன செய்யலாம் என்று பிறருக்குச் சொல்வது. முதலில் 'நன்' (none: எதுவும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படியுங்கள். பொருளாளர் பயன்படுத்தும் ரசீது மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் என்று நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் வெளியே வருவார்கள். அவர்களைச் சரிசெய்த பின் 'குவாரன்டைன்' (குப்பைப் பெட்டியில் ஒதுக்கு), அதன் பின் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). முதல் நாளே 'ரிஜெக்ட்' போடுகிறவர் தம் அஞ்சலைத் தாமே தடுத்துக்கொள்வார்.

எந்தப் போர்ட்டுகளைத் திறந்து வைப்பது?

25 (பிற சர்வர்களிடமிருந்து பெற), 465 (உறுப்பினர்கள் அனுப்ப), 993 (அவர்கள் படிக்க). குறியாக்கச் சான்றிதழைப் புதுப்பிக்க 80. நிர்வாகத்துக்கு எஸ்.எஸ்.ஹெச்.; அதுவும் கடவுச்சொல் இல்லாமல் சாவியால் மட்டும். 587 பழைய கருவிகளுக்கு வேண்டுமானால். படிப்பதற்கான பழைய வாசல்கள் 110, 143 வேண்டாம்.

465இலும் 587இலும் டி.எல்.எஸ். குறியாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். 25இல் கட்டாயமாக்காதீர்கள். அங்கே வருவது உலகத்துச் சர்வர்கள். குறியாக்கம் தெரியாத பழைய சர்வர் ஒன்றிலிருந்து வரும் அரசாங்கக் கடிதத்தை நீங்களே திருப்பி அனுப்பியதாகிவிடும். 25இல் கடவுச்சொல் கேட்கும் வசதியையும் முழுமையாக நிறுத்திவிடுங்கள். உறுப்பினர்கள் அஞ்சல் அனுப்பும் வாசல் 465 (பழைய கருவிகளுக்கு 587) மட்டும்.

'ஓபன் ரிலே' ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

யார் வந்து கொடுத்தாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பித் தரும் சர்வருக்கு அந்தப் பெயர். இன்றைய போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே அப்படி இருக்காது. கடவுச்சொல் இல்லாமலே நம்பும் எண்களைச் சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்' என்ற வரியை ஒருவர் அகலமாகத் திறந்துவிட்டால் ஆகிவிடும். அதில் சர்வரின் உள்முகவரியை மட்டும் வையுங்கள். பிறகு வெளியில் வேறொரு இணைப்பிலிருந்து, கடவுச்சொல் தராமல், வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். மறுத்தால் சரி.

தாக்குதல் என்றால் நடைமுறையில் என்ன நடக்கும்?

பெரிய திருடர்கள் யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் யாரோ ஒரு பொருளாளரின் கடவுச்சொல், கோயில் பெயரும் ஆண்டும் சேர்ந்தது, அகப்படும். அன்றிரவே அவர் பெயரில் ஆயிரக்கணக்கில் குப்பை அஞ்சல் போகும். காலையில் உங்கள் ஐ.பி. எண் கறுப்புப் பட்டியலில் இருக்கும். சிறிய சர்வர்கள் கெடுவது அநேகமாக இந்த வழியில்தான்.

எனவே கடவுச்சொல்லை உறுப்பினர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். நீளமான ஒன்றை நீங்களே உருவாக்கி அவர் கைப்பேசியில் பதித்துக் கொடுங்கள். அவர் அதை நினைவில் வைக்கத் தேவையே இல்லை. சர்வரில் அதை ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் முறையில் சேமியுங்கள். ஃபெயில்2பேன் வைத்துத் திரும்பத் திரும்பத் தவறும் எண்களைத் தடுங்கள். இவற்றைவிட முக்கியம், ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை அஞ்சல் அனுப்பலாம் என்ற வரம்பு. ஐம்பது என்று வைத்தால் எந்தச் செயலாளருக்கும் குறைவிருக்காது. கடவுச்சொல் திருடியவருக்கு மட்டும் கை கட்டிப்போகும்.

சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தருவது இலவசம். அதிகபட்சம் 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கும்படி வைக்கலாம். புதுப்பித்த கையோடு டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் புதிய சான்றிதழை மறுபடி படிக்கும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும். காலாவதி நெருங்கினால் நினைவூட்டி அனுப்பும் அஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். கண்காணிப்பு உங்கள் பொறுப்பு.

வரும் குப்பை அஞ்சலை எப்படித் தடுப்பது?

ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி நிரல் போதும், டி.கே.ஐ.எம். கையொப்பத்தையும் அதுவே போட்டுவிடும். பலர் தடுமாறுகிற இடம் ஒன்று: ஸ்பாம்ஹாஸ் பட்டியலைக் கூகுள், கிளவுட்ஃபிளேர் ஆகியவற்றின் பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் பதில் கிடைக்காது; பிழைக் குறியீடுதான் வரும். அன்பவுண்ட் என்ற சிறு நிரலை சர்வரிலேயே ஓடவிட்டு அதன் மூலம் கேளுங்கள். தமிழில் வரும் நல்ல கடிதங்களையும் செய்திமடல்களையும் 'இது நல்லது' என்று தொடக்கத்தில் பழக்கிக் கொடுங்கள். ஆங்கிலக் கடிதங்களை மட்டுமே பார்த்துப் பழகிய வடிகட்டிக்குத் தமிழ் புதிது.

எல்லாம் சரியாக இருந்தும் எங்கள் கடிதங்கள் ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குப் போகின்றன. ஏன்?

புதிய எண்ணுக்கு நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. பெரிய நிறுவனங்கள் அந்த நிலையைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலில் நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது, கூடவே எதிர்ப்பெயரும் குறியாக்கமும். நீங்கள் நாளுக்கு ஐம்பது அனுப்பினாலும் மூன்றையும் வையுங்கள்.

சர்வரில் ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரி இருந்து அதற்கு எதிர்ப்பெயர் இல்லையென்றால் ஜிமெயில் மறுத்துவிடும். அதையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அனுப்பும்போது நான்காம் பதிப்பை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பழக்கம் சம்பந்தமான காரணமும் உண்டு. ஆண்டு முழுவதும் நாளுக்கு நாலு கடிதம் அனுப்பிய சர்வர், தைப்பூசக் காவடிக்கும் பெரிய வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கும் முந்திய இரவில் எண்ணூறு பேருக்கு ஒரே நேரத்தில் அட்டவணை அனுப்புகிறது. அதில் நூறு முகவரிகள் செத்துப்போனவை. எந்த வடிகட்டியும் இதைச் சந்தேகிக்கத்தான் செய்யும். முகவரிப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், மேலே சொன்ன மணிநேர வரம்புக்குள் அடங்கும்படி பிரித்து அனுப்புங்கள், விலகும் இணைப்பை மேலேயே வையுங்கள். செய்திமடல் வேலையை மட்டும் வேறொரு சேவைக்குக் கொடுத்து அதற்குத் துணை டொமைன் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதன் பெயர் கெட்டாலும் செயலாளரின் கடிதம் போய்ச் சேரும்.

தமிழில் முகவரி வைக்கலாமா?

தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருப்பதில் எந்தத் தடையும் இல்லை, எல்லாம் யூனிகோடு. முகவரியே தமிழில் இருப்பதற்கும் தரநிலை உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதை அறியும். ஆனால் எதிர்முனையும் அறிய வேண்டும். வங்கிப் படிவத்தில் அந்த முகவரியை எழுதிக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆங்கில எழுத்து முகவரியை விட்டுவிடாமல்.

எல்லோருக்கும் வரும் அஞ்சலை அவரவர் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் போதாதா?

கேட்கச் சுலபம். செய்தால் மூன்று தொல்லை. திருப்பிவிடும்போது அஞ்சல் உங்கள் எண்ணிலிருந்து போவதால் மூல அனுப்புநரின் எஸ்.பி.எஃப். உடைகிறது. உங்களுக்கு வந்த குப்பையையும் நீங்களே ஜிமெயிலுக்கு அனுப்பியதாகக் கணக்காகிறது. சபையின் ஆவணங்கள் பழையபடி தனியார் பெட்டிகளுக்கே போகின்றன. எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதே நோய். உறுப்பினர் தம் கைப்பேசியின் அஞ்சல் செயலியில் சபைக் கணக்கை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

போப்பியா சட்டம் எங்களைப் போன்ற சிறு சபைகளையும் பிடிக்குமா?

பிடிக்கும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கான 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகிறது. கோயில் உறுப்பினர் பட்டியல் ஒருவரின் மத நம்பிக்கையைக் காட்டுவதால் அது சிறப்புத் தகவல் என்ற வகைக்குள் வருகிறது. சமய அமைப்பு தன் உறுப்பினர் விவரங்களை வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதை வெளியே சிந்தவிடத்தான் இடமில்லை.

மெயில் சர்வருக்கு இதனால் வரும் கடமைகள் தெளிவானவை. 19ஆம் பிரிவு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்கிறது. மேலே சொன்னவற்றை எழுதி வைத்திருந்தால் காட்ட ஏதாவது இருக்கும். பெட்டி ஒன்று களவாடப்பட்டது என்று நம்பக் காரணமிருந்தால் 22ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சங்கடமாக இருக்கிறது என்று மூடி மறைக்க முடியாது. சர்வர் ஜெர்மனியில் இருந்தால் 72ஆம் பிரிவைப் பாருங்கள்: அந்நாட்டுச் சட்டமோ ஒப்பந்தமோ இணையான பாதுகாப்பைத் தந்தால் தடையில்லை.

பேக்கப்?

தினமும், வேறொரு நிறுவனத்தின் இடத்தில், குறியாக்கம் செய்து. அஞ்சல் பெட்டிகளோடு அமைப்புக் கோப்புகளும் டி.கே.ஐ.எம். சாவியும் சேர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிய சர்வரில் மீட்டெடுத்துப் பாருங்கள்.

நிறுவிய பின் எவ்வளவு வேலை இருக்கும்?

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும்படி வைத்துவிட்டால், வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்: வரிசையில் என்ன தேங்கியிருக்கிறது, லாக் கோப்பில் என்ன முனகுகிறது, டிமார்க் அறிக்கையில் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா. இடையிடையே திருத்தம் மட்டும் போதாத சேதி வரும். 2023 டிசம்பரில் 'எஸ்.எம்.டி.பி. ஸ்மக்லிங்' என்ற குறை வெளியானபோது, ஒரு அஞ்சலுக்குள் இன்னொரு போலி அஞ்சலை ஒளித்துக் கடத்த முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் உடனே திருத்தம் தந்தது, ஆனால் பழைய பதிப்புகளில் ஒரு வரியை நிர்வாகி கையால் சேர்க்க வேண்டியிருந்தது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்கும் ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நிர்வாகக் குழு மாறும்போது சாவிகளை யாரிடம் கொடுப்பது?

தலைவர், செயலாளர் இருவரிடமும் மூடி முத்திரையிட்ட உறை ஒன்று. டொமைன் கணக்கு, சர்வர் கணக்கு, பேக்கப்பின் கடவுச்சொல் மூன்றும் அதில் இருக்கட்டும். கணக்குகள் சபையின் பெயரில் இருக்க வேண்டும். யாருடைய சொந்த வங்கி அட்டையிலும் தொங்கக் கூடாது. பதவி விலகியவரின் கடவுச்சொல்லைப் பொதுக்கூட்டம் முடிந்த அன்றே மாற்றுங்கள். மனத்தாங்கல் எதுவும் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே விதி என்று முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

சில ஆண்டுகள் நடத்திவிட்டு, முடியவில்லை என்று மூட நினைத்தால்?

அவசரப்படாமல் மூடலாம். புதிய இடத்தில் பெட்டிகளைத் திறந்து பழைய அஞ்சலை நகர்த்துங்கள். எம்.எக்ஸ். பதிவின் ஆயுளை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே சில நிமிடங்களாகக் குறைத்துவிட்டு, பிறகு பதிவை மாற்றுங்கள். மாற்றிய பின்னும் பழைய சர்வரை ஒரு வாரம் ஓடவிட்டு, கடைசியாக வந்தவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எஃப். வரியிலிருந்து பழைய எண்ணை நீக்க மறக்காதீர்கள். அந்த எண் நாளை வேறொருவருக்கு வாடகைக்குப் போகும்.

டொமைனை மட்டும் கைவிடாதீர்கள். அது காலாவதியாகி வேறொருவர் வாங்கினால், சபையின் வங்கிக் கணக்குக்கும் முகநூல் பக்கத்துக்கும் வரும் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் அவருக்குப் போகும். சங்கமே கலைந்தாலும் எல்லாக் கணக்குகளிலும் முகவரியை மாற்றி முடிக்கும் வரை ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருங்கள்.